மலைச்சரிவில் மழைநீரை நிறுத்தலாமா?

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையின்போது, திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தனர். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், ஜூலை 30 அதிகாலையில், வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்கள் ஒரே இரவில் அழிந்தன. உடல் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களுமாக அங்கே இழப்பு 300 பேரை நெருங்குகிறது. இரண்டுக்கும் நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: அதிக மழை.

மழை அதிகம்தான். ஆனால் மழை மலை முழுவதும் பெய்கிறது. சரிவது மட்டும் ஏன் ஒரு மடிப்பில், ஒரு தோட்டத்துக்குப் பின்னால், ஒரு வளைவில் நடக்கிறது? இந்தக் கேள்விக்கு நிலவியலாளர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வேளாண்மைத் துறையினர் பலர் ஒதுங்கிவிடுகிறோம். மலைச்சரிவில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே இறங்குகிறது என்பதைத் தினமும் தீர்மானிப்பவர் அங்கே தோட்டம் வைத்திருக்கும் விவசாயி. நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை என எங்கே உங்கள் நிலம் இருந்தாலும் இது உங்கள் விஷயம்.

கிணற்றில் பார்த்த பாறைதான்

பாறை என்றால் ஒரே கட்டியாக, அசையாததாக நினைக்கிறோம். கிணறு வெட்டியவர்களுக்கு அப்படித் தோன்றாது. மேல் மண், அதன் கீழ் உடைகல், அதற்கும் கீழே கருங்கல் என்று இறங்கும்போது, கருங்கல்லிலும் கோடு கோடாக விரிசல்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விரிசலில் ஒன்றிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. அதைத்தான் ஊற்றுக்கண் என்கிறோம். கருங்கல் தண்ணீரைக் குடிப்பதில்லை. அதன் விரிசல்கள்தான் தண்ணீரைக் கொண்டுசெல்கின்றன.

கிணற்றில் நாம் தேடித் தேடி மகிழும் இந்த விரிசல்தான் மலைச்சரிவில் பலவீனம். பாறைச் சரிவுகள் பெரும்பாலும் பாறை உடைந்து நடப்பவை அல்ல. ஏற்கெனவே இருக்கும் விரிசல் வழியே பாறை விலகுவதால் நடப்பவை. எனவே பாறை எவ்வளவு கெட்டி என்பதைவிட, விரிசல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது முக்கியம்.

உங்கள் தோட்டத்துக்கு மேலேயோ, வீட்டுக்குப் பின்னாலோ வெட்டிய பாறை முகம் இருந்தால் ஒருமுறை நின்று பாருங்கள். கோடுகள் மலைக்குள் சாய்ந்து போகின்றனவா, அல்லது கூரை ஓடு போல உங்களை நோக்கிச் சாய்ந்து இறங்குகின்றனவா? உள்ளே சாய்ந்தால் வழுக்கும் ஆபத்து குறைவு. உங்களை நோக்கிச் சாய்ந்து, அந்தக் கோட்டின் கீழ் முனை வெட்டு முகத்தில் வெளியே தெரிந்தால், மேலே இருக்கும் பாறைப் பலகை உராய்வின் பலத்தில் மட்டுமே நிற்கிறது என்று பொருள். இரண்டு விரிசல்கள் குறுக்காகச் சந்தித்தால் நடுவில் உள்ள துண்டு ஆப்பு போலப் பிதுங்கி வரும். நெட்டுக்குத்தான விரிசல்கள் நெருக்கமாக இருந்தால், வேலிக் கல்கால்கள் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் சாய்வது போலப் பாறைத் தூண்கள் கவிழும்.

திருவண்ணாமலை போன்ற கருங்கல் மலைகளில் இன்னொரு வகையும் உண்டு. விரிசல்கள் பாறையைப் பெட்டி பெட்டியாக வெட்டியிருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மூலைகள் முதலில் உளுத்து மண்ணாகின்றன. நடுப்பகுதி மட்டும் உருண்டைப் பாறையாக மிஞ்சுகிறது. மலைமேல் யாரோ தூக்கி வைத்தது போல நிற்கும் பாறைகள் இப்படி உருவானவைதான். பார்க்க நூறு டன் இருக்கும். ஆனால் அது உட்கார்ந்திருப்பது பல இடங்களில் பாறை மீது அல்ல, தன் உளுத்த மண் மீது. மழை அந்த மண்ணை அடியிலிருந்து அரித்துவிட்டால், அல்லது யாராவது வீட்டு மனைக்காக அதைத் தோண்டிவிட்டால், பாறைக்கு நிற்க இடமில்லை.

சமவெளியில் இருப்பவர்களும் இதை வேறு ஊர்ச் செய்தி என்று விட்டுவிட முடியாது. 2022 மே மாதம் திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து 4 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே மலை இல்லை. நாமே பூமிக்குள் செங்குத்தான ஒரு மலைச்சரிவை வெட்டி வைத்திருந்தோம், அவ்வளவுதான். பழைய குவாரிக் குழியை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் கரையோரம் டிராக்டர் ஓட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

நான்கு குடம் தண்ணீரின் பலம்

தண்ணீர் என்ன செய்கிறது? விரிசலில் இறங்கி வழுக்கலாக்குகிறது, அதனால் பாறை சறுக்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ணெய் தடவியது போல என்று சொல்வார்கள். அதில் உண்மை கொஞ்சம்தான். தண்ணீரின் பெரிய வேலை தள்ளுவது.

ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் தன் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம் தரும். பாறைக்குப் பின்னால் 2 மீட்டர் ஆழ விரிசல் ஒன்று மழையில் நிறைந்ததாக வைத்துக்கொள்வோம். விரிசலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அது பாறையை 2 டன் விசையோடு வெளியே தள்ளும். அதே விரிசல் 4 மீட்டர் ஆழம் என்றால் தள்ளும் விசை 4 டன் அல்ல, 8 டன். ஆழம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு.

இதில் விரிசலின் அகலம் கணக்கிலேயே வராது. ஒரு சென்டிமீட்டர் அகலமே உள்ள 4 மீட்டர் ஆழ விரிசலில், ஒரு மீட்டர் நீளத்துக்குப் பிடிக்கும் தண்ணீர் 40 லிட்டர். மூன்று, நான்கு குடம். அந்த நான்கு குடம் தண்ணீர் 8 டன் விசையோடு பாறையைத் தள்ளுகிறது. கூடவே அடி விரிசலில் இறங்கிய தண்ணீர் பாறையைக் கீழிருந்து தூக்குகிறது. தூக்கினால் பாறையின் எடை முழுவதும் கீழே அழுந்தாது. அழுந்தாவிட்டால் உராய்வு குறையும். நூறு ஆண்டு நின்ற பாறை ஒரு மாலை மழையில் கிளம்புவதன் கணக்கு இதுதான்.

இதிலேயே மருந்தும் இருக்கிறது. 40 லிட்டர் தண்ணீரை வெளியேற்ற ஒரு சிறு வழி போதும். விரிசலின் கீழ் முனை திறந்திருந்தால், மேலே நிறைகிற வேகத்திலேயே கீழே வடிந்துவிடும், அழுத்தம் ஏறாது. அந்த வாயை மண் கொட்டியோ, சுவர் வைத்தோ, சிமென்ட் பூசியோ அடைத்தால்தான் ஆபத்து. பாறை முகத்தில் தண்ணீர் கசிகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று சிமென்ட் பூசி மூடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதற்றமாக இருக்கும். கசிவு இருக்கும்வரை அந்தச் சரிவு மூச்சு விடுகிறது.

பாறை மேல் போர்த்திய மண்

நீலகிரி, வயநாடு, மூணாறு பக்கம் நிலைமை சற்று வேறு. அங்கே பாறைக்கு மேல் மண் கனமாகப் போர்த்தியிருக்கிறது. மண்ணும் பாறையும் சேரும் இடத்தில், பாறை உளுத்து உண்டான களி பல இடங்களில் இருக்கும். வெள்ளை, மஞ்சள் அல்லது வெளிர் சிவப்பு நிறத்தில், ஈரம் பட்டால் சோப்பு போல இருக்கும் களி. மேலே இறங்கும் மழைநீர் இந்த மட்டத்தில் வந்து நிற்கும். கீழே பாறை விடாது. களியும் எளிதில் விடாது.

ஈர மண் ஏன் நிற்கிறது என்பதை விவசாயிகளுக்குச் சொல்வது எளிது. கடற்கரையில் காய்ந்த மணலில் கோபுரம் கட்ட முடியாது. லேசாக ஈரமான மணலில் கட்டலாம். அலை வந்து நனைத்ததும் கரைந்துவிடும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் கொஞ்ச நீர் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. தோட்டத்தில் டென்சியோமீட்டர் வைத்திருப்பவர்கள் அந்த இழுவிசையைத்தான் முள்ளில் பார்க்கிறார்கள். மழை தொடர்ந்து பெய்து மண் நிறைந்ததும் முள் பூஜ்யத்துக்கு வருகிறது. பயிருக்கு அது நீர் போதும் என்ற செய்தி. செங்குத்துச் சரிவுக்கு அது பிடி விட்டுப்போனது என்ற செய்தி.

2009 நவம்பரில் நீலகிரியில் நடந்தது இதுதான். கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவானது. சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வயநாட்டில் சரிவு தொடங்கிய இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருந்தது. பெயர்ந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர் என்று இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படத்தில் அளந்தது. நம் கணக்கில் 21 ஏக்கர். அந்த 21 ஏக்கர் மண்ணும் பாறையும் மரமும் ஆற்று வழியாக 8 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. மலையாளத்தில் இதற்கு உருள்பொட்டல் என்று பெயர். இறந்தவர்களில் மிகப் பலர் சரிந்த இடத்தில் இருந்தவர்கள் அல்லர். ஓடிய பாதையில் இருந்தவர்கள். அதே மலையில் பழைய சரிவு ஒன்று இருந்ததும் இஸ்ரோவின் நிலச்சரிவு வரைபடத் தொகுப்பில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. சரிந்த இடம் மறுபடி சரியும் என்பது இத்துறையில் கிட்டத்தட்ட விதி.

பொக்லைன் வெட்டும் கால்

சரிவின் அடிப்பகுதியைக் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் மொத்தப் பாரத்தையும் தாங்குவது அதுதான். சாலைக்காக, வீட்டு மனைக்காக, விடுதிக்காக, சில இடங்களில் கேரட் பாத்திக்கு இன்னும் நாலடி சமதரை வேண்டும் என்பதற்காக நாம் முதலில் வெட்டுவது இந்தக் காலைத்தான். வெட்டிய உடனே விழாது என்பதுதான் இதில் ஏமாற்று. வெயில் காலத்தில் வெட்டிய முகம் மூன்று மழை தாங்கும். நான்காவது மழையில் அந்த விரிசல் நிறையும். அப்போது, வெட்டியவர் நிலத்தை விற்றுவிட்டுப் போயிருப்பார்.

நீலகிரியில் மாவட்ட நிர்வாக அனுமதி இல்லாமல் பொக்லைன் பயன்படுத்தத் தடை இருப்பதும், மலை நகரங்களில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு இருப்பதும் காரணமில்லாமல் அல்ல. மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயில் பாதையில் ஒவ்வொரு மழைக்கும் பாறை விழுந்து ரயில் நிற்பதைச் செய்தியாகப் படிக்கிறோம். அது நூறு ஆண்டுக்கு முன் வெட்டிய கால். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

வெட்டியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்றால் எல்லோரும் தடுப்புச்சுவர் என்கிறார்கள். தடுப்புச்சுவர் தவறு இல்லை. ஆனால் பின்னால் தண்ணீர் வடிய வழி இல்லாத சுவர், மண்ணோடு சேர்த்துத் தண்ணீரையும் தாங்க வேண்டியிருக்கும். முதல் பெருமழையில் அது மண்ணோடு சேர்ந்தே விழும். சுவரில் ஒன்றரை, இரண்டு மீட்டர் இடைவெளியில் குழாய்த் துளைகள் விட்டு, துளைக்குப் பின்னால் மண் அல்லாமல் ஜல்லி நிரப்ப வேண்டும். கட்டும் ஆண்டு எல்லோரும் துளை விடுகிறார்கள். அடுத்த ஆண்டு துளையில் செடி முளைத்து அடைத்திருக்கும். பருவமழைக்கு முன் ஒரு கம்பி விட்டு அந்தத் துளைகளைக் குத்தி விடுவது அரை நாள் வேலை. உயரம் குறைவான இடங்களில் கம்பிவலைக்குள் கல் அடுக்கிய கேபியன் சுவர் எனக்குப் பிடித்தது. அது தானே வடிகட்டும். கொஞ்சம் அசைந்தாலும் உடையாது.

குழியா, வாய்க்காலா?

இனி நான் சொல்ல வருவதில் பலருக்கு மாற்றுக்கருத்து இருக்கும். பெய்யும் ஒவ்வொரு துளியையும் பெய்த இடத்திலேயே நிலத்தில் இறக்கு என்பது மண் வள, நீர் வளப் பாதுகாப்பின் அடிப்படைப் பாடம். தேயிலையில் சமஉயரக் குழிகள், காபியில் மழைக்குழிகள், மேட்டுநிலத்தில் வரப்பு, பண்ணைக்குட்டை எல்லாம் அதன் வடிவங்கள். பெரும்பாலான நிலத்துக்கு இந்தப் பாடம் சரி. மேல்மண் அரிப்பைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஆனால் அரிப்பும் சரிவும் ஒரே நோய் அல்ல. அரிப்பு என்பது மேலே ஓடும் தண்ணீரால் வருவது. சரிவு என்பது உள்ளே இறங்கிய தண்ணீரால் வருவது. ஒன்றுக்கு மருந்தானது மற்றதற்கு நஞ்சாகலாம். பாறை மேல் மெல்லிய மண் போர்த்திய செங்குத்துச் சரிவில் நூறு குழி வெட்டி மழைநீரை நிறுத்தினால், அந்தத் தண்ணீர் மெல்ல இறங்கி நேராகப் பாறை மட்டத்துக்குப் போகும். நாமே விரிசலை நிறைத்துக் கொடுத்ததாகிவிடும். 2018, 2019 சரிவுகளுக்குப் பிறகு கேரளத்தின் மலைப்பகுதிகளில் மழைக்குழி வேண்டாம் என்ற அறிவுரை வலுத்ததற்குக் காரணம் இதுவே. குழி எண்ணிக்கையை இலக்காக வைத்து நடக்கும் எந்தத் திட்டமும், வேலை உறுதித் திட்டமானாலும் நீர்வடிப்பகுதித் திட்டமானாலும், குழி வெட்டும் முன் அடியில் பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

எங்கே நிறுத்தலாம், எங்கே வெளியேற்ற வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது? சரியான விடைக்கு ஆய்வு வேண்டும். தோட்டத்தில் நின்று எடுக்கக்கூடிய முடிவு என்றால் நான் இப்படிச் சொல்வேன். கொத்தனாரின் டியூப் லெவலை வைத்துச் சரிவை அளந்து பாருங்கள். ஒரு மீட்டருக்கு 33 செ.மீ.க்குள் இறங்கினால், மண்ணும் ஆழமாக இருந்தால், படித்தளமும் சமஉயரக் குழியும் செய்யலாம். அதைவிடச் செங்குத்தாக இருந்தாலோ, கடப்பாரை இரண்டு, மூன்று அடியில் பாறையில் தட்டினாலோ, சாலை வெட்டில் அந்தச் சோப்புக் களி தெரிந்தாலோ, மேலே பழைய சரிவின் தழும்பு இருந்தாலோ, தண்ணீரை நிறுத்தாதீர்கள். முக்கியமாக, இரண்டு மேடுகளுக்கு நடுவில் கிண்ணம் போல உள்ளடங்கிய மடிப்பு இருந்தால் அங்கே குழியும் வேண்டாம், குட்டையும் வேண்டாம். மலையின் தண்ணீர் எல்லாம் அடியில் கூடும் இடம் அது. சரிவுகள் அதிகம் தொடங்குவதும் அங்கேதான்.

அத்தகைய நிலத்துக்கு வேண்டியது தோட்டத்தின் தலைமாட்டில் ஒரு வெட்டு வாய்க்கால். மேலிருந்து வரும் தண்ணீரைத் தோட்டத்துக்குள் விடாமல் மறித்து, லேசான சாய்வில் பக்கவாட்டில் கொண்டுபோய், இயற்கை ஓடையில் சேர்க்க வேண்டும். வாய்க்காலின் அடியில் கல் பதித்தோ, தார்ப்பாய் விரித்தோ நீர் உறிஞ்சாமல் பார்த்துக்கொள்வது அவசியம். உறிஞ்சும் வாய்க்கால் என்றால் அது நீளமான மழைக்குழிதான். இன்னொன்று: ஓடையில் கொண்டு சேர்க்காமல் பக்கத்துத் தோட்டத்தில் திறந்துவிட்டுத் திரும்பி வருவது நம் ஊரில் வழக்கம். சரிவு உங்கள் பட்டா எல்லையைப் பார்த்து நிற்காது. ஒரு மலை மடிப்பில் நிலம் வைத்திருப்பவர்கள் சேர்ந்துதான் வாய்க்கால் எடுக்க முடியும்.

படித்தளம் வெட்டியவர்களுக்கும் ஒரு சொல். அதிக மழை பெய்யும் மலைகளில் படித்தளம் உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்று உதகையில் உள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் உள்ளிட்ட எல்லோரும் பரிந்துரைக்கிறோம். சரியான பரிந்துரை. ஆனால் உட்பக்கம் சேரும் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடி வெளியேறினால்தான் அது சரி. வெளியேறும் வழி இல்லாமல் பாதி செய்த படித்தளம், மேல் படியின் காலடியில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டி. உருளைக்கிழங்கும் கேரட்டும் போடும்போது நீர் தேங்கி அழுகாமல் இருக்கப் பாத்தியை மேலிருந்து கீழாக இழுப்பதை நீலகிரியில் பார்க்கிறோம். அதில் மேல்மண் போகும். ஆகவே அதையும் நான் ஆதரிக்கவில்லை. சமஉயரத்துக்குச் சற்றே சாய்வாகப் பாத்தி, பாத்தி முனையில் புல் வளர்த்த வடிகால் என்பது நடுவழி. வீட்டுக் கழிவுநீர்க் குழியையும் மறந்துவிட வேண்டாம். சரிவின் தலையில் கட்டிய வீட்டின் உறிஞ்சுகுழி, மழை இல்லாத நாளிலும் மலைக்குள் தண்ணீர் இறக்கிக்கொண்டிருக்கிறது.

மரம் நட்டால் போதுமா என்று கேட்பீர்கள். வேர் பிடிக்கும் ஆழம்வரை போதும். ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் வழுக்கும் சரிவை எந்த வேரும் நிறுத்தாது. மரங்கள் நின்றபடியே இறங்கி வரும். ஆனால் ஒன்றிரண்டு மீட்டர் மண் மட்டும் போர்த்திய இடங்களில் வேர், மண்ணைப் பாறையோடு தைத்து வைக்கும் நூல். அந்த நூல் மரத்தை வெட்டிய அன்றே அறுந்துவிடாது. வேர் உளுக்கச் சில ஆண்டுகள் ஆகும். பிறகு உளுத்த வேர் விட்ட துளை வழியாகத் தண்ணீர் குழாய் போல உள்ளே இறங்கும். சில்வர் ஓக்கை மொத்தமாக வெட்டி விற்கும் தோட்டங்கள், புதிய கன்று வேர் பிடித்த பிறகு அடுத்த வரிசையில் கை வைப்பது நல்லது. படி விளிம்புகளில் வெட்டிவேர் நடலாம். பாறை விரிசலில் முளைத்த அரசும் ஆலும் வேறு கதை. அவை வளர வளரப் பாறையை நெம்பும். சிறு கன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பெரிய மரமாகிவிட்டால் பிடுங்காதீர்கள்.

வரைபடத்தில் உங்கள் நிலம்

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாட்டின் மலைப்பகுதிகளுக்கு நிலச்சரிவு அபாய வரைபடம் தயாரித்திருக்கிறது. கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. முதலில் முன்னறிவிப்பு பெறத் தொடங்கிய மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. நல்ல முயற்சி. ஆனால் அந்த வரைபடத்தின் அளவு 50,000க்கு 1. உங்கள் இரண்டு ஏக்கர் அதில் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. நீலகிரி நிர்வாகம் அபாயகரமானவை என்று பட்டியலிட்டுள்ள 283 இடங்களில் உங்கள் ஊர் இல்லை என்பதாலேயே உங்கள் சரிவு பத்திரம் என்று ஆகாது.

ஆகவே மழையை நீங்களே அளக்க வேண்டும். வயநாட்டில் கல்பெட்டாவில் இயங்கும் ஹ்யூம் மையம், மாவட்டம் முழுக்கத் தோட்டங்களிலும் வீடுகளிலும் மழைமானி வைத்து உள்ளூர் மக்களிடமிருந்து தினமும் அளவு வாங்குகிறது. முண்டக்கைச் சரிவுக்கு முந்தைய நாளே அபாயத்தை மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாக அந்த மையம் கூறியது. இலங்கை மலையகத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவு எளிமையானது: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 மி.மீ. தாண்டினால் எச்சரிக்கை, 150 மி.மீ. தாண்டினால் வெளியேற்றம். ஒரு மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினாலும் வெளியேற்றம்தான். நம் மலைகளுக்கு இதே எண் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நம் ஒவ்வொரு மலைக்கும் இப்படி மூன்று எண்கள் வேண்டும். அவற்றை அறிவிக்கும் பொறுப்பு அரசுடையது. அதுவரை இந்த எண்களை அஞ்சுவதற்கான அளவாக வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டு நேராக உள்ள டப்பாவும் பள்ளிக்கூட ஸ்கேலும் இருந்தால் மழைமானி தயார். அன்றைய மழை மட்டும் போதாது. அதற்கு முந்தைய சில நாட்களின் மழையையும் சேர்த்து எழுதுங்கள். ஏற்கெனவே ஊறிய மண்ணுக்குச் சிறு மழை போதும்.

எண் ஒருபுறம், கண் ஒருபுறம். தெளிவாக வந்த ஊற்று திடீரெனக் கலங்குவது, புது இடத்தில் ஊற்று கிளம்புவது, வேலிக்கால்களும் மின்கம்பமும் வரிசை தப்பிச் சாய்வது, மூடித் திறந்த கதவு சிக்குவது, தோட்டத்தின் மேல்பகுதியில் பிறை வடிவில் விரிசல் ஓடுவது ஆகியவை மலை நகரத் தொடங்கியதன் அடையாளம். விரிசலைக் களிமண்ணால் அடைத்து, தார்ப்பாய் போட்டு, மழைநீர் இறங்காமல் செய்துவிட்டு, 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணில் சொல்லுங்கள். அடை மழையின் நடுவில் ஓடையில் தண்ணீர் திடீரெனக் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். மேலே எங்கோ சரிந்த மண் ஓடையை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடைந்தால் எல்லாம் சேர்ந்து வரும். அந்த நேரத்தில் ஆட்டையும் மோட்டாரையும் பார்க்காமல், ஓடையை விட்டு விலகிப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும்.

ஏற இடமில்லாதவர்களும் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லைன் வீடுகள் மீது மலை சரிந்து 70 பேர் இறந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தினர். 2014 அக்டோபரில் இலங்கையின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவையும் மலையகத் தமிழர்களின் லைன் வீடுகள்தான். அந்த இடம் குடியிருக்க உகந்ததல்ல என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. வீடு எங்கே கட்டுவது என்று அந்தத் தொழிலாளர்களை யாரும் கேட்கவில்லை. சமதரையெல்லாம் பயிருக்கும் பங்களாவுக்கும் போக, ஓடைக் கரையும் சரிவின் காலடியும் அவர்களுக்கு மிஞ்சின. நம் மாநிலத்தின் வால்பாறையிலும் கூடலூரிலும் எந்த லைன் வீடு எந்த மடிப்பின் கீழ் இருக்கிறது என்று கணக்கெடுப்பதற்குப் புதிய அறிவியல் எதுவும் வேண்டாம். ஒரு நிலவியலாளரும், ஒரு வேளாண் அலுவலரும், ஒரு கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து நடந்தால் ஒரு தோட்டத்தைச் சில நாட்களில் பார்த்து முடித்துவிடலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் உள்ளவர்கள் தலைமாட்டு வாய்க்காலைத் தூர்வாரவும், சுவர்த் துளைகளைக் குத்திவிடவும் இதுதான் நேரம். வாய்க்காலில் எடுத்த மண்ணைச் சரிவின் விளிம்பில் குவிக்காதீர்கள்; அந்தப் பாரமும் மலைமீதுதான் ஏறுகிறது. மேல்படியில் பரப்பிவிட்டு, அதன்மேல் புல் விதையுங்கள்.